ரிப்போர்ட்டில் ஸ்டார் விழாத குறை



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு லேப் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸையும் இணைத்திருக்கிறார். அவருடைய அப்பா தறிக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்பிங் 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறார், ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டுவிட்டார். அப்படியும், “நாலு தடவை மிதிச்சா மூச்சு வாங்குது, நாடாவைக் கீழே வெச்சிட்டுச் சுவத்துல சாஞ்சிடறாரு. பதினஞ்சு நாள்ல இறக்கின சேலை இப்ப ஒன்றரை மாசம் ஆகுது” என்கிறார் மகள்.

கோர்வை போட்ட சேலை என்றால் ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்பா சாய்ந்தால் அந்த ஆளும் சும்மா உட்கார வேண்டியதுதான். ஒருவருடைய களைப்பு இரண்டு பேருடைய கூலியைத் தின்கிறது.

அவர் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். “டாக்டர் புதுசா ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். எல்லாமே நார்மல், ஒரு இடத்துலகூட ஸ்டார் போடலை. ஆனா அப்பாவுக்கு இரும்புச்சத்து கம்மி, டிரிப்ஸ் ஏத்தணும்னு சொல்றார். நம்பலாமா? இல்லே, காசு பிடுங்கற வேலையா?”

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 13.1, ஃபெரிட்டின் 64. ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் வரம்பு 22 முதல் 322 வரை. அந்தக் கணக்குப்படி லேப்காரர் ஸ்டார் போட வழியே இல்லை. ஆனாலும் நம்பலாம் அம்மா, உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி. நான் டாக்டர் இல்லை. இதய மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகளும் பெரிய ஆய்வுகளும் சொல்வதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களைப் போலவே குழம்பியிருக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கும் என்பதால், தனியாகப் பதில் போடாமல் இந்தப் பக்கத்தையே அதற்கு எடுத்துக்கொண்டேன்.

முதலில், பம்பிங் குறைவு உள்ளிட்ட இதயச் செயலிழப்பு என்ற இந்த நோய் நம் நாட்டில் யாரைப் பிடிக்கிறது என்று பார்ப்போம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர்கள் முன்னின்று, நாடு முழுக்க 53 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு வந்து சேர்ந்த 10,851 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். 2022இல் வெளிவந்த அந்தப் பதிவேட்டில் நோயாளிகளின் சராசரி வயது 60. மேலை நாடுகளில் இதே நோயாளிகளின் சராசரி 70ஐ ஒட்டி இருக்கிறது. நம் ஆட்களை இந்த நோய் சுமார் பத்து வருடம் முன்னாலேயே, சம்பாதிக்கும் வயதிலேயே வந்து பிடிக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 14 சதவீதம் பேர் 90 நாட்களுக்குள் இறந்துபோயிருக்கிறார்கள். மாரடைப்பு என்றால் பதறி ஓடும் நாம், பம்பிங் குறைவு என்றால் ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம்.

நெசவாளர் வீடுகளில் இப்படி விட்டுவிடுவதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. குழித்தறியில் நாள் முழுக்கக் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சாயங்காலம் கணுக்கால் வீங்கினால், குழிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததும் பள்ளம் அப்படியே நின்றால், படுத்ததும் மூச்சுத் திணறி இன்னொரு தலையணை தேடினால், இரண்டு மூன்று நாளில் உடம்பு எடை இரண்டு கிலோ ஏறினால், பழியைத் தறிக்குழியின் மேல் போடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இனி இரும்புக்கு வருவோம். பம்பிங் குறைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரும்புச்சத்து பற்றாக்குறை இருக்கிறது என்பது உலகம் முழுக்கக் கண்ட விஷயம். இந்தியாவில் 150 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் அது 76 சதவீதமாக இருந்தது. அவர்களில் சிலருக்கு ரத்தசோகை கிடையாது, ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. நம் வாசகியின் அப்பாவும் அந்த வகைதான்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் கிடங்கில் கச்சாப் பட்டும் ஜரிகையும் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு எடை போட்டுக் கொடுத்தால்தான் தறி ஓடும். ஃபெரிட்டின் என்பது கிடங்கில் இருக்கும் சரக்கின் கணக்கு. டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது. டாக்டர்கள் சுருக்கமாக டி.சாட் என்பார்கள். எவ்வளவு சரக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்லும். இதயம் நலிந்தால் உடம்பில் ஓயாமல் ஓர் அழற்சி இருந்துகொண்டே இருக்கிறது. அப்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது கிடங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் ஆசாமி. உள்ளே சரக்கு இருந்தாலும் வெளியே வராது. சாப்பாட்டிலிருந்து குடல் எடுக்கும் இரும்பையும் அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். ஆரோக்கியமான ஆளுக்குப் போட்ட வரம்பை இதய நோயாளிக்கு அப்படியே வைத்தால் ஏமாந்துபோவோம். அதனால் இவர்களுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஃபெரிட்டின் 100க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. 100 முதல் 299 வரை இருந்து, டி.சாட் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் பற்றாக்குறைதான். சமீப காலமாக, ஃபெரிட்டினைவிட டி.சாட்டைத்தான் அதிகம் நம்பலாம் என்று சொல்லும் நிபுணர்கள் கூடியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எடுப்பது நல்லது. லேப் கம்ப்யூட்டருக்கு வருகிறவர் பம்பிங் குறைந்தவரா, கல்யாணத்துக்கு முன் செக்கப் செய்ய வந்த மாப்பிள்ளையா என்று தெரியாது. எல்லோருக்கும் ஒரே வரம்பைத்தான் அது அச்சடிக்கிறது. ரிப்போர்ட்டை வாங்கி ஸ்டார் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மடித்து வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. இந்த விஷயத்தில் அது உதவாது.

ஹீமோகுளோபின்தான் சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் களைப்பு என்று கேட்கலாம். இரும்பு ரத்தத்துக்கு மட்டும் வேண்டியதில்லை. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதற்கும், செல்லுக்குள் ஆக்சிஜனைச் சக்தியாக மாற்றுவதற்கும் இரும்பு வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரியும் இதயத் தசைக்கு அந்தச் சக்தி எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். மிதியை அழுத்தும் தொடைத் தசைக்கும் இதே கதைதான்.

இதை உறுதிப்படுத்துவது போல ஒரு சம்பவம் ஆராய்ச்சி உலகில் நடந்தது. ரத்த அணுக்களைப் பெருக்கும் ஊசி ஒன்றை ரத்தசோகை உள்ள இதய நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2,278 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. ஹீமோகுளோபின் அழகாக ஏறியது. ஆனால் மரணமும் குறையவில்லை, மருத்துவமனைக்குப் போவதும் குறையவில்லை. ரத்தக் கட்டி பிரச்சினைதான் கூடியது. ரிப்போர்ட்டில் எண்ணை ஏற்றிக் காட்டுவது வேறு, ஆளைத் தேற்றுவது வேறு.

இரும்பையே நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை 2009இல் வந்த ஃபேர்-ஹெச்.எஃப். என்ற ஆய்வு பார்த்தது. பங்கேற்றவர்கள் 459 பேர். அந்த ஆய்வை நடத்தியவர்களுக்கு ஒரு வேடிக்கையான தொல்லை. இரும்பு மருந்து கரும்பழுப்பாக, கடுங்காப்பி போல இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கப் போட்ட உப்புத் தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும். பார்த்த மாத்திரத்தில் நோயாளிக்குத் தெரிந்துவிட்டால், மனசே பாதி நோயைக் குணமாக்கிவிடும், ஆய்வு கெட்டுவிடும். அதனால் கறுப்பு சிரிஞ்சில் மருந்தை நிரப்பி, கைக்கும் கண்ணுக்கும் நடுவே திரை கட்டி ஊசி போட்டார்கள். 24 வாரம் கழித்து விசாரித்தபோது, இரும்பு ஏற்றிக்கொண்டவர்களில் பாதிப் பேர் நன்றாகத் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 28 சதவீதம். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரமும் சராசரியாக 35 மீட்டர் கூடியிருந்தது. காதில் கேட்டால் 35 மீட்டர் சின்னதாகத் தோன்றும். கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரை நடக்கவே நின்று நின்று போகும் ஆளைக் கேட்டால்தான் அதன் மதிப்பு தெரியும்.

டிரிப்ஸ் எதற்கு, மெடிக்கலில் இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டால் ஆகாதா? இந்தக் கேள்வியையும் விட்டுவைக்கவில்லை. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 225 பேரில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 300 மில்லிகிராம் இரும்பை வாய்வழியாகக் கொடுத்தார்கள். 16 வாரம் கொடுத்தும், மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட உழைக்கும் திறன் கூடவில்லை. ஹெப்சிடின் கதவைச் சாத்தியிருக்கும்போது வாசலில் எவ்வளவு கொட்டினாலும் உள்ளே போவது கொஞ்சம்தான். மீதி வயிற்றில் தங்கி மலச்சிக்கலும் குமட்டலும் தரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கர்ப்பிணிகளின் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். சாதாரண ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை நல்ல மருந்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களுக்கு அந்த மாத்திரை வேண்டும். நான் பேசிக்கொண்டிருப்பது பம்பிங் குறைந்தவர்களைப் பற்றி மட்டும்.

சாப்பாட்டுச் சமாசாரத்தில் நம் வீடுகளில் நம்பிக்கை அதிகம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் ஒரு பக்கம். அசைவம் சாப்பிடும் வீடுகளில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் ஒரு பக்கம். எல்லாம் நல்லதுதான். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பதும், சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதும் இரும்பு சேர உதவும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நல்ல உடம்பே ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இரும்பைத்தான் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய அதே அளவு தினமும் வெளியேயும் போய்விடுகிறது. இந்த நோயாளிகளுக்குப் பற்றாக்குறையோ ஆயிரம் மில்லிகிராம், சிலருக்கு அதற்கும் மேல். சுவரொட்டி வறுவலில் அதை ஈடுகட்டுவதற்குள் வறுவலில் போட்ட உப்பு காலை வீங்க வைத்துவிடும். சித்த மருந்தில் அன்னபேதிச் செந்தூரம், அயச்செந்தூரம் சாப்பிடுகிறவர்களும் நம் பக்கத்தில் உண்டு. அவையும் இரும்பு சேர்ந்த மருந்துகள்தான். சாப்பிடுகிறீர்கள் என்றால் இதய டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

டிரிப்ஸைப் பற்றிப் பயமும் இருக்கிறது. நம் அம்மா காலத்தில் இடுப்பில் போட்ட இரும்பு ஊசி கறுப்புத் தழும்பை விட்டுப்போனது. பழைய ரகம் ஒன்று கடும் அலர்ஜிக்குப் பேர் போனது. இப்போது இதய நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்திருப்பவை ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸும் ஃபெரிக் டெரைசோமால்டோஸும். முதலாவதை ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை, கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். எடையையும் ஹீமோகுளோபினையும் பார்த்து அளவைத் தீர்மானிப்பார்கள். சிலருக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது தடவை தேவைப்படும். கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் வேறு ரகம். அதைத் தடவைக்கு 200 மில்லிகிராம் என்று பல தடவை பிரித்துப் போட வேண்டியிருக்கும். அலர்ஜி இப்போது அபூர்வம். அபூர்வம் என்பதற்காக அலட்சியம் கூடாது. ஏற்றி முடித்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிடாதீர்கள். ஏற்றும்போது கையில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் கறை லேசில் போகாது. வீட்டுக்கு வந்து யாரோ ஒருவர் ஊசி போட்டுவிட்டுப் போகும் வைத்தியம் இதில் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன நான் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சிகிச்சை ஆயுளைக் கூட்டும் என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. 2020இல் ஒன்று, 2022இல் ஒன்று, 2023இல் 3,065 பேரை வைத்து ஒன்று, 2025இல் ஒன்று என நான்கு பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. நான்கிலுமே பலன் நல்ல பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் எந்த ஆய்வும், தொடங்கும்போது தனக்கே வைத்துக்கொண்ட புள்ளியியல் கோட்டைத் தெளிவாகத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் எடைபோட்டு, ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2023இல் தன் சிபாரிசைத் திருத்தியது. பம்பிங் குறைந்து, இரும்பும் குறைந்தவர்களுக்கு மூச்சிரைப்பும் களைப்பும் தணிய ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்ற வேண்டும் என்பதை உறுதியாகச் சொன்னது. மறுபடி மருத்துவமனையில் சேர்வதைக் குறைக்கவும் ஏற்றுவது பற்றி யோசிக்கலாம் என்று ஒரு படி இறங்கிச் சொன்னது. பம்பிங் சரியாக இருந்தும் இதயம் விறைத்துப்போன வகை நோயாளிகளுக்கு இந்த அளவுக்கு ஆதாரம் இல்லை.

ஆயுள் கூடாவிட்டால் எதற்குச் செலவு என்று கேட்பவர் இருக்கலாம். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுவதும், அரைச் சேலையில் நின்ற தறியை ஓட்டி முடிப்பதும் எனக்கு ஆயுளுக்குக் குறைந்த விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் இருக்கிற இதய மாத்திரைகளை நிறுத்திவிட்டு அந்தக் காசில் டிரிப்ஸ் போட்டுக்கொள்ளும் கணக்கு யாருக்கும் வேண்டாம். ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணம் ஆனவை அந்த மாத்திரைகள்தான். இரும்பு அவற்றுக்குத் துணை.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் வேறொன்று. இரும்பு ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினும் அதோடு இன்னொரு ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். அதனால் வயிற்றுப் புண்ணிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்கே தெரியாமல் ரத்தம் கசியலாம். மூலம் இருக்கலாம். பெண்களுக்கு அதிக மாதவிடாய் இருக்கலாம். வயதானவர்களுக்குக் குடலிலோ இரைப்பையிலோ புற்றுநோய் தொடங்கி, அதன் முதல் அடையாளமாக இரும்பு குறைந்திருக்கலாம். மலம் தார் மாதிரி கறுத்துப் போகிறதா, எடை காரணமில்லாமல் இறங்குகிறதா என்று டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் இரும்பை மட்டும் நிரப்பினால், ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போதே நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். கசிவு ஆஸ்பிரினால்தான் என்று சந்தேகம் வந்தாலும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தறியில் உட்காருகிறவர் மூச்சு வாங்கினால் கூலி நிற்கிறது, குடும்பமே கவனிக்கிறது. பின்கட்டில் நாடாவுக்கு நூல் சுற்றிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, கோர்வைக்கும் வந்து உட்காரும் அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் ‘அவளுக்கு எப்பவும் ரத்தம் கம்மிதான்’ என்பதோடு பேச்சு முடிந்துபோகிறது. வெளுப்புக்கும் மூச்சிரைப்புக்கும் பின்னால் அவர்களுக்கும் இதயக் கோளாறு இருக்கலாம். ஒரு எக்கோ எடுத்தால் தெரிந்துவிடும்.

வாசகிக்கு என் பதில் இதுதான். அப்பாவுக்கு டி.சாட் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். ரத்தம் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எந்த ரக மருந்து, எத்தனை தடவை, என்ன செலவு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று ஏற்றுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்றிய அடுத்த வாரமே ஃபெரிட்டின் பார்க்க வேண்டாம், அது பொய்யாக எகிறி நிற்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பம்பிங் குறைந்தவர் யாராவது இருந்தால், அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, “ஃபெரிட்டினும் டி.சாட்டும் பார்த்துட்டீங்களா டாக்டர்?” என்று ஒரு தடவை கேளுங்கள். பெயர் நினைவில் நிற்காது என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்ப வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். எனக்குக் கடிதம் மட்டும் எழுதினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்